வௌவால் வைரஸைக் கொடுத்துப் பார்த்தேன்: பிளாஸ்ட் தேடல் சேவை எப்படி?

காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லையே. இது ஒரு வெள்ளிகூடக் கேட்காத, கணக்குத் திறக்கச் சொல்லாத, நடுவில் விளம்பரம் காட்டாத ஓர் இணையச் சேவை. பெயர் பிளாஸ்ட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தைச் சேர்ந்த என்.சி.பி.ஐ. இதை நடத்துகிறது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன மரபணு வரிசை ஒன்றைப் பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஜென்பேங்க் சேமிப்பில் போட்டுவைத்திருக்கும் வரிசைகளோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பட்டியல் போட்டுத் தரும். ஜென்பேங்க் 1982-லிருந்து இருக்கிறது. பிளாஸ்ட் முறை வெளியானது 1990-ல். நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழைய ஆள்தான். இப்போது நான் சிங்கப்பூரின் ஈசூனில் வீட்டிலேயே தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு உயிரியல் துணைப்பாடம் எடுக்கிறேன். பிளாஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. ஒரு வைரஸ் யார் சாயலில் இருக்கிறது என்று சொல்வதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்த வைரஸ் யார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை இதன் தலையில் கட்டக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களும், மன்னிக்கவும், சில பயிற்சியாளர்களும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வௌவால் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் புளோக்கிலிருந்துதான். பக்கத்தில் பனை வகை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓலைக்கு அடியில் சின்னப் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். ராத்திரியில் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து தாழ்வாரக் கூரையில் தொங்கியபடி தின்றுவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். காலையில் சுவரெல்லாம் கறை. குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் 'வௌவால் என்றாலே ரேபிஸ்' என்று தட்டிவிட, தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, சிங்கப்பூர்ல 1953-லேர்ந்து ரேபிஸே இல்லைன்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. ஒரு நாட்டில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை என்றால், அங்குள்ள வௌவால்களிடம் ரேபிஸின் உறவுக்கார வைரஸ்களும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1996-ல் நியூ சவுத் வேல்ஸின் பாலினா பக்கம், பறக்க முடியாமல் கிடந்த ஒரு கறுப்புப் பழந்தின்னி வௌவாலிடம் புது வைரஸ் ஒன்று அகப்பட்டது. அவர்கள் அப்போது தேடிக்கொண்டிருந்தது ஹெண்ட்ரா என்ற வேறொரு வைரஸை. கிடைத்ததோ ரேபிஸின் உறவு. ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் குவீன்ஸ்லாந்தில் வௌவால்களைப் பராமரித்துவந்த ஒரு பெண் அந்த வைரஸால் இறந்துபோனார். லிஸ்ஸா வைரஸ் என்பது குடும்பப் பெயர் மாதிரி. ரேபிஸ் வைரஸ் அதில் ஓர் உறுப்பினர் மட்டும்தான்.

என் மருமகளின் பள்ளித் திட்டப்பணி அங்கிருந்து கிளம்பியது: வௌவாலிடம் கிடைத்த ஒரு வைரஸ் புதியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் உறவினர்கள் சிலர் கண்டியில் இருப்பதால் அவள் இலங்கை வைரஸையே தேர்ந்தெடுத்தாள். இந்தியப் பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 2016-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது அது. பெயர் கன்னொறுவை வௌவால் லிஸ்ஸா வைரஸ். கண்டிக்குப் பக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்தான் கன்னொறுவை. தமிழ்நாட்டில் கோயில் மரங்களிலும் ஆலமரங்களிலும் கூட்டமாகத் தொங்குவதும் இதே இனத்து வௌவால்தான். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அங்கே உண்டு. அந்த நல்ல பழக்கத்தை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கைவிட வேண்டாம். தொடாமல், கையில் எடுக்காமல் இருந்தால் போதும்.

சேவையின் அருமை தெரிய வேண்டுமானால், அது இல்லாத காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956-ல் நைஜீரியாவின் லாகோஸில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தார்கள். அது ரேபிஸின் சொந்தம் என்பது 1970-ல்தான் உறுதியானது. எதிர்ப்பொருள் சோதனைகளையும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த தோட்டா வடிவத்தையும் வைத்துச் சொன்னார்கள். நடுவில் 14 ஆண்டுகள். வைரஸ் உறைபெட்டியில் பேசாமல் கிடந்தது.

இன்றைக்கும் முதல் படி பிளாஸ்ட் கிடையாது, மூளைதான். இறந்த விலங்கின் மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, புற ஊதா ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வைரஸ் இருந்தால் ஆப்பிள் பச்சையில் மினுங்கும். ரேபிஸுக்கு நான் இதைச் செய்ததில்லை. இதே வகைச் சோதனையை வேறு நோய்களுக்குச் செய்திருக்கிறேன், கண் வலிக்கும் வேலை. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்வது வைரஸின் 'என்' (N) என்ற புரதத்தை. இந்தக் குடும்பம் முழுவதிலும் அந்தப் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ரேபிஸ் வந்தாலும் மினுங்கும், அதன் ஒன்றுவிட்ட தம்பி வந்தாலும் மினுங்கும். ஆக, குடும்பம் தெரிந்துவிடும், ஆள் தெரியாது. மரபணு வரிசையைப் படித்துத்தான் ஆளைத் தேட வேண்டும். பிளாஸ்ட் உள்ளே வருவது இந்த இடத்தில்.

சரி, பயன்படுத்திப் பார்த்ததைச் சொல்கிறேன். லிஸ்ஸா வைரஸின் மரபணுத் தொகுதி சிறியது. ரேபிஸின் மாதிரிப் பதிவாக ஜென்பேங்கில் இருக்கும் பாஸ்டர் வைரஸின் நீளம் 11,932 எழுத்துகள். அதில் ஐந்தே மரபணுக்கள்: என், பி, எம், ஜி, எல். முதலாவதான 'என்' மரபணு 1,353 எழுத்துகள். ஆர்.என்.ஏ. வைரஸாக இருந்தாலும், ஆர்.என்.ஏ.-வில் வரும் யூ என்ற எழுத்துக்குப் பதில் சேமிப்பில் டி என்றே எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கன்னொறுவை வைரஸின் 'என்' மரபணுவை மட்டும் எடுத்து ஒட்டினோம்.

முதல் தேடலில் 100 சதவீதப் பொருத்தத்தோடு கன்னொறுவையே வந்து நின்றது. வராமல் எப்படி? அந்த வரிசை அங்கேதானே இருக்கிறது. "முடிஞ்சுதா அத்தை?" என்றாள். முடியவில்லை. பிளாஸ்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இங்கேதான் இருக்கிறது. உயிரினப் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டி, பக்கத்தில் 'விலக்கு' என்ற குட்டிப் பெட்டியில் குறி போட்டால், அந்த உயிரினத்தின் பதிவுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தேடும். கன்னொறுவையை விலக்கினோம். அதாவது, அந்த வைரஸை உலகம் இன்னும் அறியாத நாளுக்குத் திரும்பிப் போனோம். வகுப்பில் எத்தனை படம் போட்டு விளக்கினாலும் வராத ஒரு நிமிர்வு அவள் முகத்தில் அப்போது வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஆனால் பட்டியல் சோம்பலாக வந்தது. காரணம் முன்னிருப்பு அமைப்பு. பிளாஸ்ட்டைத் திறந்தவுடன் தேர்வாகி இருப்பது மெகாபிளாஸ்ட். மிக நெருங்கிய வரிசைகளை வேகமாகத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது அது. குறைந்தது 28 எழுத்துகள் தொடர்ச்சியாக, பிசகில்லாமல் ஒத்துப்போகும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே பார்க்கும். நாலைந்து எழுத்துக்கு ஒன்று மாறியிருக்கும் உறவுகளிடம் அப்படி 28 எழுத்து நீளத் துண்டு எங்கே கிடைக்கும்? அதற்குக் கீழே 'பிளாஸ்ட்-என்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கு 11 எழுத்து ஒத்தால் போதும். அதை மாற்றியதும் குடும்பமே வந்துவிட்டது. புது வைரஸைத் தேடுகிறவருக்கு இந்த ஒரு சொடுக்குதான் எல்லாம். அதைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வைத்திருப்பது எனக்கு ரசிக்கவில்லை. வேகமான தேடலே பெரும்பாலோருக்கு வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், புரிகிறது. இருந்தாலும்.

வந்த பட்டியலைப் படிப்பது ஒரு கலை. ஈ மதிப்பு என்று ஒரு நெடுவரிசை இருக்கும். இவ்வளவு பெரிய சேமிப்பில் வெறும் தற்செயலாக இப்படிப்பட்ட பொருத்தம் எத்தனை வரலாம் என்ற கணக்கு அது. பாடநூல்கள் இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும். இந்த வேலைக்கு அதனால் பயனில்லை. 'என்' மரபணு முழுவதையும் கொடுத்தால், லிஸ்ஸா வைரஸ் எதுவாக இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். சொந்தம் என்பது ஊர்ஜிதம், எவ்வளவு கிட்டத்துச் சொந்தம் என்பது தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: ஒத்துப்போகும் சதவீதம், கொடுத்த வரிசையில் எவ்வளவு பகுதி ஒப்பிடப்பட்டது என்ற அளவு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிளாஸ்ட் முழுசை முழுசோடு ஒப்பிடுவதில்லை, ஒத்துப்போகும் துண்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. வரிசையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பொருந்தி, அந்தத் துண்டில் 95 சதவீதம் என்று வந்தால் அதைப் பார்த்து மயங்கக் கூடாது.

கன்னொறுவையை விலக்கிய பிறகு மேலே வந்தவர்கள் ரேபிஸ் கூட்டமும் அவர்களுடைய கிட்டத்து உறவுகளும். ஒத்துமை எழுபதுகளில். 80-ஐத் தாண்டவில்லை. இது முக்கியமான எண். வைரஸ்களுக்குப் பெயரும் இடமும் கொடுக்கும் சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு, லிஸ்ஸா வைரஸ்களைத் தனித்தனி இனமாகப் பிரிக்க வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, 'என்' மரபணு முழுவதிலும் எழுத்து ஒத்துமை 80 சதவீதத்தை ஒட்டிய ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பது. ஐந்து மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே கோடுதான்.

'அப்படியானால் பிளாஸ்ட்டே போதுமே' என்று நினைப்பீர்கள். என் மருமகளும் அதைத்தான் சொன்னாள். அவளுக்கு லாகோஸ் வைரஸைக் காட்டினேன். லாகோஸ் வௌவால் வைரஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இருக்கும் மாதிரிகள் சிலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். எண்ணை மட்டும் பார்த்தால் அவை வேறு வேறு இனம். ஆனால் வம்சமரம் வரைந்தால் எல்லாம் ஒரே கிளையில் வந்து உட்காருகின்றன. பிரிப்பதற்கு வேறு வலுவான காரணமும் இல்லை. ஆகவே ஒரே இனமாகவே வைத்திருக்கிறார்கள். வகைப்பாட்டுக் குழு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. பல விதக் கணக்குகளில் வரைந்தாலும் மரம் அதே உருவத்தில் நிற்கிறதா, எதிர்ப்பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன, எந்த விலங்கில், எந்த ஊரில் வாழ்கிறது என்று எல்லாவற்றையும் கேட்கிறது.

பிளாஸ்ட்டும் மரம் வரைந்து தரும். முடிவுப் பக்கத்தில் அதற்கொரு இணைப்பு இருக்கிறது. அழகாக இருக்கும், அறிக்கையில் ஒட்டலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். அந்த மரம் உங்கள் வரிசையோடு மற்றவற்றை ஒப்பிட்ட துண்டுகளிலிருந்து அவசரத்துக்கு வரைந்தது. எல்லா வரிசைகளையும் ஒன்றாகச் சீரமைத்து, கிளைகள் எவ்வளவு உறுதி என்று சோதித்து வரைந்தது அல்ல. அதற்கு மெகா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. (மெகாபிளாஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) இறக்கிவைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியத்தைச் செலவு செய்யத் தயாராக இருங்கள்.

என் மருமகளுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. "ஒரு பேர் வைக்கறதுக்கு இவ்வளவா?" என்று கேட்டாள். தடுப்பூசியைச் சொன்னேன். லிஸ்ஸா வைரஸ்களை நெருக்கத்தை வைத்துப் பிரிவுகளாகப் பார்க்கிறார்கள். ரேபிஸ், ஆஸ்திரேலிய வைரஸ், கன்னொறுவை எல்லாம் முதல் பிரிவு. இப்போதுள்ள ரேபிஸ் தடுப்பூசிகளின் பாதுகாப்பு அந்தப் பிரிவுக்கு எட்டும். லாகோஸும் மொகோலாவும் இருக்கும் இரண்டாம் பிரிவுக்கும், அதையும் தாண்டி நிற்கும் மேற்குக் காகசஸ் வைரஸ், இகோமா, யேய்தா போன்றவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஆக, புதிதாக ஒன்று அகப்பட்டால் அது மரத்தில் எந்தக் கிளையில் உட்காருகிறது என்பது, கடிபட்டவருக்கு இருக்கும் ஊசி வேலை செய்யுமா என்ற கேள்வியும்தான். நம் ஊர்க்காரர்கள் பாலிக்குப் போகிறார்கள், சரவாக்கின் குச்சிங்குக்குப் போகிறார்கள். பாலியில் 2008 முதலும் சரவாக்கில் 2017 முதலும் நாய் ரேபிஸ் இருக்கிறது. அங்கே கடிபட்டால் வைரஸின் வம்சத்தை ஆராய வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

பிளாஸ்ட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது தேடும் சேமிப்பு எப்படியோ, பதிலும் அப்படித்தான். ரேபிஸ் வைரஸுக்கு ஜென்பேங்கில் ஆயிரக்கணக்கான பதிவுகள் உண்டு. வௌவால் லிஸ்ஸா வைரஸ்கள் சிலவற்றுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளாஸ்ட் முதலில் காட்டுவது 100 பொருத்தங்கள். ஒரே ரேபிஸின் நூறு நகல்கள் அந்தப் பட்டியலை அடைத்துக்கொண்டால், அதற்கு அடுத்த வீட்டில் இருப்பவர் கண்ணில் படவே மாட்டார். அளவை 5,000 வரை கூட்டலாம், அல்லது ரேபிஸையும் விலக்கிவிட்டு இன்னொரு முறை தேடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். அப்புறம், ஸ்பெயினில் 2011-ல் வௌவாலிடம் கண்ட யேய்தா வைரஸ் மாதிரி, முதலில் ஒரு துண்டு வரிசை மட்டும் கிடைத்து, முழுத் தொகுதி ஆண்டுகள் கழித்து வந்த கதைகளும் உண்டு. துண்டை வைத்துத் தேடினால் துண்டளவு பதில்தான் கிடைக்கும். அவ்வளவு தூரத்து உறவைத் தேடும்போது பிளாஸ்ட்-எக்ஸ் கை கொடுக்கும். எழுத்துகளை ஆறு விதமாகப் புரதமாக மாற்றிப் பார்த்து, புரதங்களோடு ஒப்பிடும். மரபணு எழுத்து மாறும் அளவுக்குப் புரதம் மாறாது என்பதால், எழுத்தில் மங்கிப்போன சொந்தம் அங்கே பளிச்சென்று தெரியும்.

இப்போது அந்தப் பயிற்சியாளர் விவகாரம். சில வருடங்களுக்கு முன், ஆசிரியர்களுக்கென்று இங்கே ஒரு நிறுவனம் நடத்திய ஒருநாள் வகுப்புக்கு நல்ல தொகை கட்டிப் போனேன். பெயர் வேண்டாம். காலை முழுக்கப் படவில்லைகள். மதியம், பிளாஸ்ட்டைத் திறந்து ஒட்டி, முதல் வரியில் வருவதை விடையாக எழுதச் சொன்னார்கள். பட்டியலின் உச்சியில் இருப்பது வம்சத்தில் மிக நெருங்கியதாக இல்லாமல் போகலாமே என்று கேட்டேன். "மாணவர்களுக்கு இது போதும்" என்று பதில் வந்தது. போதாது. கன்னொறுவை வைரஸைக் கண்டுபிடித்தவர்கள் முதல் வரியை விடையாக எடுத்திருந்தால், ஏதோ ஒரு ரேபிஸ் மாதிரி என்று எழுதி மூடிவைத்திருப்பார்கள். மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? உயிரியல் படிக்கும், கற்பிக்கும் எல்லோருக்கும். கைபேசியில் முயல வேண்டாம், அகலத் திரை வேண்டும். ஆங்கிலம்தான் இருக்கிறது, ஆனால் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் தெரிய வேண்டியதில்லை. தாழ்வாரத்து வௌவாலைப் பற்றிக் கவலைப்படும் அண்டைவீட்டாருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையை அழைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தேடலுக்கு ஓர் எண் தருவார்கள், அதை வைத்து முடிவுப் பக்கத்தை மறுபடி திறக்கலாம். அந்த எண் ஓரிரு நாளில் காலாவதியாகிவிடும். வாரக் கடைசியில் தேடிவிட்டு அடுத்த வாரம் அறிக்கை எழுத உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: பக்கத்தை மூடுவதற்கு முன் அட்டவணையையும் வரிசைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில், எதை விலக்கி, எந்த அமைப்பில் தேடினீர்கள் என்று அதே கோப்பில் எழுதிவையுங்கள். சேமிப்பு நாளுக்கு நாள் வளர்கிறது. அடுத்த மாதம் அதே தேடலுக்கு வேறு பட்டியல் வரலாம்.